ஃபியூஸ் போயிருக்கிறதா? மீட்டரைக் கேட்போம்

ஸ்டெபிலைசரின் பின்பக்கம் உள்ள மூடியைத் திருகி, கண்ணாடி ஃபியூஸை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுதான் நம்மில் பலருக்கும் தெரிந்த சோதனை. உள்ளே கம்பி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் போய்விட்டது. பல நேரங்களில் இந்த முடிவு சரியாகவே இருக்கும். ஆனால் கம்பி நடுவில்தான் அறுபட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு முனையிலும் இருக்கும் உலோகத் தொப்பிக்குள்ளே, ஈயம் வைத்த இடத்தில் அது விட்டுப்போயிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. கண்ணாடிக்குப் பதில் வெள்ளைப் பீங்கான் உடம்பாக இருந்தால் பார்ப்பதற்கே வழியில்லை. சிங்கப்பூர், மலேசியா வீடுகளில் இருக்கும், இலங்கைக்கும் வந்துவிட்ட 13 ஆம்பியர் பிளக் ஒவ்வொன்றுக்குள்ளும் அப்படி ஒரு பீங்கான் ஃபியூஸ் இருக்கிறது.

அதனால்தான் மல்டிமீட்டர். ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. ஆனால் மீட்டர் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பார்ப்போம்.

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்பட்ட ஒரு துண்டுக் கம்பி. கரண்ட் போகும் எந்தக் கம்பியும் சூடாகும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் ஓடும் ஒயரும், மோட்டாருக்குள் இருக்கும் சுற்றும் தாங்க முடியாத சூட்டை எட்டுவதற்கு முன்னால் இந்தச் சின்னக் கம்பி உருகி வழியை அடைத்துவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது.

மல்டிமீட்டரின் கதையும் ஒரு வசதிக்காகத் தொடங்கியதுதான். பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்காடி, தந்தி, தொலைபேசிக் கம்பிகளைப் பழுதுபார்க்கத் தனித்தனிக் கருவிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும்படி அவர் வடிவமைத்த 'அவோமீட்டர்' 1923-ல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடையில் தொங்கும் மஞ்சள் மீட்டர் வரை எல்லாம் அந்த வழியில் வந்தவை. நடுவில் உள்ள திருகை எங்கே வைக்கிறோமோ, அந்தக் கேள்விக்கு மட்டும்தான் மீட்டர் பதில் சொல்லும். ஃபியூஸ் விஷயத்தில் நமக்கு வேண்டியது இரண்டே கேள்விகள்: கரண்ட் இல்லாதபோது, "இதற்குள் வழி இருக்கிறதா?", கரண்ட் இருக்கும்போது, "இதன் இரண்டு முனைக்கும் இடையே எத்தனை வோல்ட்?"

கரண்ட் இல்லாமல் பார்ப்பது

முதல் கேள்விதான் வீட்டில் எல்லோரும் கேட்கக்கூடியது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒயரிங் செய்தவர் ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் ஃபேஸ் உள்ளே வந்துகொண்டே இருக்கும். டி.வி., கம்ப்யூட்டர் பவர் சப்ளை போன்றவற்றில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. 230 வோல்ட் ஏ.சி. அவற்றுக்குள் டி.சி.யாக மாறிச் சுமார் 325 வோல்ட்டில் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கும். அப்படிப்பட்ட பெட்டிகளைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது. வெளியிலிருந்தே கழற்றக்கூடிய ஃபியூஸைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

ஃபியூஸை ஹோல்டரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது. உள்ளே வைத்தபடியே தொட்டால், டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வழியாகவோ வேறு பாகம் வழியாகவோ சுற்றிக்கொண்டு வந்து மீட்டர் "வழி இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். ஃபியூஸ் போயிருக்கும், மீட்டரோ பீப் அடிக்கும்.

இனி மீட்டர். அதில் பொதுவாக மூன்று துளைகள் இருக்கும். கருப்பு ஒயர் 'காம்' என்று எழுதிய துளைக்கு. சிவப்பு ஒயர் வோல்ட், ஓம், மில்லி ஆம்பியர் குறிகள் உள்ள துளைக்கு. மூன்றாவது, 10 ஆம்பியர் துளை, நம் வேலைக்கு வேண்டாம். விலை குறைந்த மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே 'அன்ஃபியூஸ்டு', அதாவது ஃபியூஸ் பாதுகாப்பு இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் துளைக்கும் காமுக்கும் நடுவே உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரு தடித்த கம்பி மட்டுமே. சிவப்பு ஒயரை அங்கே செருகி மறந்துவிட்டு, பிறகு பிளக் பாயின்டில் வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட் சர்க்யூட். தீப்பொறியோடு ப்ரோப் முனையே உருகும். எந்த அளவை எடுப்பதற்கு முன்னாலும் சிவப்பு ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

திருகை கன்டினியூட்டிக்குத் திருப்புங்கள். ஒலி அலை போல வளைகோடுகள் போட்ட படம் அங்கே இருக்கும். அந்த வசதி இல்லாத மீட்டரில் 200 ஓம் ரேஞ்ச். இப்போது இரண்டு ப்ரோப் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். பீப் ஒலிக்க வேண்டும், எண் 0.2-லிருந்து 0.5 ஓமுக்குள் ஏதாவது காட்டும். அது அந்த ஒயர்களுடைய சொந்தத் தடை. ஒலி வரவில்லையென்றால் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம். இந்த ஒரு நொடிச் சோதனையைச் செய்யாமல் "ஃபியூஸ் போச்சு" என்று நல்ல ஃபியூஸைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, ஃபியூஸின் இரண்டு தொப்பிகளிலும் ப்ரோப்களை வையுங்கள். எது எந்தப் பக்கம் என்ற கணக்கு இல்லை. தொப்பியில் களிம்பு பிடித்திருந்தால் முனையால் லேசாகச் சுரண்டுங்கள். எண் ஒயர்களின் சொந்தத் தடையை ஒட்டியே நின்றால், வழி இருக்கிறது. திரையின் இடது ஓரத்தில் தனியாக '1' நின்றாலோ, 'ஓ.எல்.' என்று வந்தாலோ, வழி இல்லை, ஃபியூஸ் போய்விட்டது. தானாகவே ரேஞ்ச் மாறும் மீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்க்கும்போது மெகா ஓம் கணக்கில் ஏதோ ஒரு எண் ஆடிக்கொண்டிருந்தால் குழம்ப வேண்டாம்: ஃபியூஸை இரண்டு கை விரல்களாலும் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மீட்டர் உங்கள் உடம்பின் தடையை அளக்கிறது. மேசை மேல் வைத்து அளந்தால் அந்த எண் காணாமல் போய்விடும்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று, பீப் ஒலியை மட்டும் நம்புவது. பல மீட்டர்கள் 30, 50 ஓம் வரைகூட பீப் அடிக்கும். 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றில் பீப் வருகிறது, ஆனால் எண் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல ஃபியூஸ் இல்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்: தடை 1 ஓம் இருந்தாலே, 5 ஆம்பியர் ஓடும்போது 25 வாட் சூடு அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் உண்டாக வேண்டும். சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. நல்ல 5 ஆம்பியர் ஃபியூஸ் அதைவிட மிகமிகக் குறைந்த தடையோடுதான் இருக்கும். ஆகவே காதால் கேளுங்கள், கண்ணால் எண்ணையும் பாருங்கள். மில்லி ஆம்பியர் கணக்கில் உள்ள சிறிய ஃபியூஸ்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவற்றின் கம்பி மிக மெல்லியது என்பதால் சில ஓம் காட்டுவது இயல்பு.

மீட்டர் "வழி இருக்கிறது" என்றும் சொல்லிவிட்டது, ஸ்டெபிலைசரும் ஓடவில்லை. அப்போது ஹோல்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தோ, சூட்டில் கருகியோ தொப்பியைச் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். பொருளைத் திறக்கத் தெரிந்தவர், ஃபியூஸை ஹோல்டரில் போட்டு, ஹோல்டரின் இரண்டு கால்களிலும் ப்ரோப் வைத்துப் பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும்.

போன ஃபியூஸ் சொல்லும் சேதி

போன கண்ணாடி ஃபியூஸை உடனே எறிந்துவிடாதீர்கள். ஏன் போனது என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் உருகி இடைவெளி விட்டிருந்தால், தாங்கும் அளவைவிடக் கொஞ்சம் அதிகமான கரண்ட் சிறிது நேரம் ஓடியிருக்கிறது, ஓவர்லோடு. கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கருத்தோ, வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால், கம்பி ஒரே நொடியில் ஆவியாகிப் படிந்திருக்கிறது, ஷார்ட் சர்க்யூட். முதலாவதில் இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவதில் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸ் போடுவதில் அர்த்தமில்லை. அதுவும் அதே நொடியில் போகும்.

மாற்றும்போது தொப்பியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். ஆம்பியர் எண் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் வரும் ஆங்கில எழுத்தையும் கவனியுங்கள். 'எஃப்' என்றால் வேகமாகப் போவது. 'டி' என்றால் சற்றுத் தாமதித்துப் போவது. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்கு 'டி' வகை வேண்டும். 'டி' இருந்த இடத்தில் 'எஃப்' போட்டால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் ஃபியூஸ் போய்க்கொண்டிருக்கும். பின்னால் வரும் 'எல்', 'எச்' இன்னும் முக்கியம். ஷார்ட் ஆகும்போது எவ்வளவு பெரிய ஓட்டத்தை வெடிக்காமல் துண்டிக்க முடியும் என்பதை அவை சொல்கின்றன. 250 வோல்ட் 'எல்' வகைக் கண்ணாடி ஃபியூஸுக்கு அந்த எல்லை 35 ஆம்பியர், அல்லது அதன் சொந்த அளவில் பத்து மடங்கு, எது பெரிதோ அது. மணல் நிரப்பிய பீங்கான் 'எச்' வகைக்கு 1,500 ஆம்பியர். பீங்கான் இருந்த இடத்தில் கண்ணாடியைப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

பைக்கில் பார்ப்பது

கரண்ட் இருக்கும்போதே ஃபியூஸைச் சோதிக்கப் பழகுவதற்குப் பைக், கார் பேட்டரியைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. இவற்றில் இருப்பவை தட்டையான பிளேடு ஃபியூஸ்கள். நிறமே அளவைச் சொல்லிவிடும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஒன்றின் முதுகை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் இரண்டு சிறு ஓட்டைகள், அவற்றில் உலோகம் பளிச்சென்று தெரியும். சோதனைக்காகவே விட்டிருக்கும் இடங்கள் அவை.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கருப்பு ப்ரோப்பை பேட்டரியின் நெகட்டிவில் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பிவிட்டு, சிவப்பு ப்ரோப்பால் அந்த இரண்டு ஓட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் 12, மற்றதில் ஒன்றுமில்லை என்றால் போய்விட்டது. இரண்டிலுமே ஒன்றுமில்லை என்றால் ஃபியூஸைக் குறை சொல்ல முடியாது. அதுவரை கரண்டே வந்து சேரவில்லை. போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகி வண்டியைக் கிளப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தத் தாள் போகாது. அதற்குப் பதிலாக டேங்குக்கு அடியில் ஓடும் ஒயரிங் எரியும். ஒரு ஃபியூஸை மிச்சப்படுத்தப்போய் வண்டியையே இழக்க வேண்டாம்.

வீட்டு மெயினில் பார்ப்பது

இப்போது கட்டும் வீடுகளில் எம்.சி.பி.தான். ஆனால் பழைய வீடுகளில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இன்னும் உண்டு. இங்கே இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும். அதாவது, கட்டையின் இரண்டு முனைக்கும் இடையே எத்தனை வோல்ட்? இது 230 வோல்ட் நேரடியாக இருக்கும் இடம். அனுபவம் இல்லாதவர் செய்ய வேண்டாம், வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகு திறந்து தண்ணீர் தாராளமாக ஓடினால், பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூடிவிட்டால், ஏரிப் பக்கம் முழு மட்டம், கால்வாய்ப் பக்கம் வறட்சி. வித்தியாசம் முழு உயரம். நல்ல ஃபியூஸின் இரண்டு முனைக்கும் இடையே மீட்டர் ஏறக்குறைய 0 காட்டும். போன ஃபியூஸின் இரு முனைக்கும் இடையே முழு 230 காட்டும். இங்கே 230 வருவது கெட்ட செய்தி, 0 வருவது நல்ல செய்தி. புதிதாகப் பழகுகிறவர்கள் குழம்பும் இடம் இதுதான்.

இதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அந்த லைனில் ஏதாவது ஒரு பல்போ, ஃபேனோ போட்டிருக்க வேண்டும். எல்லா ஸ்விட்சும் அணைந்திருந்தால் போன ஃபியூஸும் 0-க்குப் பக்கத்தில் எதையோ காட்டி ஏமாற்றிவிடும். அதனால் கைதேர்ந்த வயர்மேன், நியூட்ரலில் ஒரு ப்ரோப்பை வைத்து, ஃபியூஸின் உள்வரும் முனை, வெளியேறும் முனை இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் மீட்டரை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்வார். மஞ்சள் மீட்டரில் ஏ.சி. 200 ரேஞ்ச் இதற்குப் போதாது. அடுத்த பெரிய ரேஞ்சில்தான் வைக்க வேண்டும். மெயின் போர்டில் கை வைப்பவரின் மீட்டரில் 'கேட் 3' என்ற பாதுகாப்புக் குறி இருக்க வேண்டும். விலை குறைந்த மீட்டர் அந்த இடத்துக்கானது அல்ல.

டெஸ்டர் போதாதா என்று கேட்கலாம். போதாது. மிகப் பழைய ஒயரிங்கில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் போட்டிருப்பார்கள். அது போனால் விளக்கு அணையும். ஆனால் ஃபேஸ் விளக்கைத் தாண்டி நியூட்ரல் ஒயர் வரைக்கும் வந்து நிற்கும். இரண்டு ஒயரிலும் டெஸ்டர் எரியும். இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைத்தால் ஆபத்து.

வயர்மேன் கட்டையில் கம்பி கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஈயம் பூசிய செம்பு ஃபியூஸ் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.20 மில்லிமீட்டர் தடிமன், 10 ஆம்பியருக்கு 0.35, 15 ஆம்பியருக்கு 0.50 என்பது கணக்கு. இந்த வகை ஃபியூஸ் தன் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தால்தான் உருகும். அவ்வளவு தாராளம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. மிச்சம் கிடக்கும் ஒயரை உரித்து நாலு இழையை முறுக்கிக் கட்டினால், அந்த வீட்டில் ஃபியூஸே இல்லை என்று அர்த்தம். இ.பி. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்-அவுட்டை வயர்மேனும் தொடக் கூடாது. அது மின்வாரியத்தின் பொறுப்பு.

மீட்டர் சொல்லாதது

மீட்டர் தன் சின்ன பேட்டரியிலிருந்து ஃபியூஸுக்குள் அனுப்பிப் பார்ப்பது ஒரு மில்லி ஆம்பியர் அளவு கரண்ட்தான். 10 ஆம்பியர் என்பது அதைப்போல பத்தாயிரம் மடங்கு. ஆகவே "வழி இருக்கிறது" என்பதற்கு "முழு லோடையும் தாங்கும்" என்று பொருள் இல்லை. பழைய ஃபியூஸில் சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். அதன் விலை சில ரூபாய்.

அதைவிடப் பெரிய விஷயம், எதனால் போனது என்பதை ஃபியூஸ் மீது வைத்த மீட்டர் சொல்லாது. அந்தப் பொருளைத்தான் கேட்க வேண்டும். அயர்ன் பாக்ஸைப் போட்டதும் ஃபியூஸ் போகிறது என்றால், அதன் பிளக்கைக் கையில் எடுத்து, சூட்டுத் திருகைத் திருப்பி வைத்து, இரண்டு சின்னக் கால்களுக்கும் இடையே ஓம் பாருங்கள். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 53 ஓம். அதை ஒட்டி வந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. 0-வை ஒட்டி வந்தால் ஷார்ட். பெரும்பாலும் ஒயர் அடிக்கடி வளையும் இடத்தில் உள்ளுக்குள் ஒட்டியிருக்கும். பிறகு மீட்டரை உச்ச ஓம் ரேஞ்சில் வைத்து, ஒவ்வொரு சின்னக் காலுக்கும் பெரிய எர்த் காலுக்கும் இடையே பாருங்கள். எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் அயர்ன் பாக்ஸின் உடம்புக்குக் கரண்ட் கசிகிறது. அதை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். மிக்சி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் பொருட்களில் கால்களுக்கிடையே குறைந்த ஓம் வருவது இயல்பு என்பதால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. ஈரத்தில் வரும் நுண்ணிய கசிவைக் கண்டுபிடிக்கவும் மீட்டர் போதாது. அதற்கு மெக்கர் என்ற கசிவு அளக்கும் கருவி வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டும்.

புதிதாகப் போட்ட ஃபியூஸும் போய்விட்டால் மூன்றாவதைப் போடாதீர்கள். அளவைக் கூட்டியும் போடாதீர்கள். பொருளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அது தடுத்து நிறுத்திய கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கிறது; தேட வேண்டியது அதைத்தான்.